இளைக்க வைக்கும் பொடிகளும் எடைக் கணக்கும்

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் ஒரு மாலை வேளை மெதுவாக நடந்து பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் கொள்ளுப் பொடியும் வெந்தயப் பொடியும் பொட்டலம் பொட்டலமாகத் தொங்குகின்றன. ஆங்கில மருந்துக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் தேயிலைப் பைகளும் குடம்புளி மாத்திரைக் குப்பிகளும் அடுக்கப்பட்டுள்ளன. தேநீர்க் கடைச் சுவரில் 'ஏழே நாளில் ஐந்து கிலோ குறைய' என்று ஒரு துண்டு விளம்பரம்; அதன் கீழே ஒரு கைப்பேசி எண். இவை அனைத்துக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. 'இயற்கை' என்பதே அது.

"உடம்பு இளைக்க இவற்றுள் எது நல்லது, சார்?" என்று மாணவர்கள் கேட்கின்றனர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் தங்களுக்காக அன்று. வீட்டிலுள்ள தாய்க்காகவோ அத்தைக்காகவோதான். நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியில் பாதித் தொலைவுக்கு இயற்பியலே நம்மை அழைத்துச் செல்லும். மீதித் தொலைவைக் கடக்க உத்திரமேரூர்க் கல்வெட்டு ஒன்று உதவும். எப்படி என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் இது வீண் கவலையன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரும், ஆண்களில் ஏறத்தாழ 37 பேரும் மிகை எடை உடையவர்கள். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதி, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்தால் வரும் எண்ணே உடல் பருமன் குறியீடு. அது 25-ஐ எட்டினால் மிகை எடை என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. ஒரு மீட்டர் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 64 கிலோ இருந்தால் குறியீடு சரியாக 25. நீங்களே உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டவருக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்பது நம் மருத்துவர்களின் கருத்து.

இதை நகரத்து நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஏரிக்கரை வரை போய்வரக்கூட மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கிறது. ஆனால் தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் ஏர் உழுத காலத்து அளவாகவே நிற்கிறது.

நூறு வாட் மனிதன்

ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்ற விதியைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அந்த விதி பிறந்த கதையில் மனித உடலுக்கும் பங்குண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1840-ல் ஜாவாத் தீவுக்குச் சென்ற கப்பலில் மருத்துவராக இருந்தவர் ராபர்ட் மேயர் என்ற ஜெர்மானியர். வெப்ப நாட்டில் மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தைவிடச் சிவப்பாக இருப்பதை அவர் கண்டார். வெளியே சூடு மிகுதியாக இருப்பதால் உடல் குறைவாக எரிக்கிறது, ஆகவே இரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று எண்ணினார். அந்த எண்ணமே உணவு, வெப்பம், வேலை ஆகிய மூன்றையும் ஒரே கணக்கில் எழுத அவரைத் தூண்டியது. பின்னர் 1890-களின் இறுதியில் அட்வாட்டர் என்ற அமெரிக்கர் மனிதரையே ஓர் அறைக்குள் நாட்கணக்கில் தங்க வைத்து, உள்ளே சென்ற உணவின் ஆற்றலையும் வெளியே வந்த வெப்பத்தையும் அளந்தார். இரண்டும் மிக நெருக்கமாக ஒத்திருந்தன. உடல் இந்த விதிக்கு விலக்கன்று.

நடுத்தர உழைப்புள்ள ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 2,000 கிலோ கலோரி செலவழிக்கிறார் என்று கொள்வோம். இதை ஜூல் அலகுக்கு மாற்றி, ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுத்தால் ஏறத்தாழ 97 வாட் கிடைக்கும். அதாவது நாம் ஒவ்வொருவரும் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும் ஒரு நூறு வாட் குண்டு விளக்கு! திருமண மண்டபத்தில் கூட்டம் சேர்ந்ததும் ஏன் புழுங்குகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இனி அந்தச் சுவர் விளம்பரத்துக்கு வருவோம். உடற்கொழுப்பு ஒரு கிலோவில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 7,700 கிலோ கலோரி. ஐந்து கிலோவுக்கு 38,500. இதை ஏழு நாளில் தீர்க்க வேண்டுமானால் நாள்தோறும் 5,500 கிலோ கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். நம் நூறு வாட் மனிதர் ஒரு பருக்கைகூட உண்ணாமல் பட்டினி கிடந்தாலும் பற்றாக்குறை 2,000-தான். பட்டினி நோன்பாலேயே முடியாத ஒன்றைக் காலையில் ஒரு கரண்டி பொடி செய்து முடிக்குமா?

"பொடி கொழுப்பை எரித்துவிடும்" என்று விற்பவர் சொல்லக்கூடும். நல்லது, எரிக்கட்டும். எரிந்தால் வெப்பம் வருமல்லவா? நாளொன்றுக்குக் கூடுதலாக 5,500 கிலோ கலோரி என்றால் அது 266 வாட். ஒரு விளக்கு எரிந்த இடத்தில் மூன்றரை விளக்குக்கு மேல் எரிய வேண்டும். அந்த வெப்பத்தை வியர்வை ஆவியாவதன் மூலமே வெளியேற்றுவதானால் நாள்தோறும் ஒன்பது லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். அப்படி ஒன்று நடந்தால் அதைக் கவனிக்காமல் இருக்க யாராலும் முடியாது.

உண்மையிலேயே இவ்வாறு உடலைக் கொதிக்க வைத்த பொருள் ஒன்று இருந்தது. டைநைட்ரோபீனால் என்பது அதன் பெயர். 1933-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதன் எடைக் குறைப்புத் தன்மையை வெளியிட்டதும் அது பல்லாயிரம் பேரிடம் பரவியது. எடை குறைந்தது மெய்தான். ஆனால் சிலருக்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிர் போயிற்று. பலருக்குக் கண்புரை வந்தது. 1938-ல் அமெரிக்கா அதைத் தடுத்துவிட்டது. 'கொழுப்பை எரிக்கும்' என்ற சொற்றொடரை இனி எங்கேனும் கண்டால், அது மெய்யாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஒரு பொருளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைந்தது, கொழுப்பு குறைந்ததா?

"என் சித்திக்கு மூன்றே நாளில் இரண்டு கிலோ குறைந்ததே!" என்று ஒரு மாணவி வாதிட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. தராசும் பொய் சொல்லவில்லை. ஆனால் தராசுக்குக் கொழுப்புக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு தெரியாது.

வீட்டில் தராசு இருந்தால் இதைச் செய்து பாருங்கள். எடையைப் பார்த்துக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, மீண்டும் ஏறி நில்லுங்கள். அரை கிலோ கூடியிருக்கும். ஒரு வாரம் காலை, மதியம், இரவு என்று எடையைக் குறித்து வந்தால், எந்த மருந்தும் உண்ணாமலே ஒன்று ஒன்றரை கிலோ ஏறி இறங்குவதைக் காண்பீர்கள். உணவைத் திடீரென்று குறைக்கும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சில நூறு கிராம் சேமிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கிராமும் தன்னுடன் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைத்திருக்கும். முதல் சில நாட்களில் இந்தச் சேமிப்பு கரைய, நீரும் சேர்ந்து வெளியேறும். தராசு முள் மகிழ்ச்சியாக இறங்கும். வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அதே வேகத்தில் ஏறும்.

'இளைக்கும் தேநீர்' எனப்படும் சிலவற்றில் நிலவாகை இலை சேர்க்கப்படுகிறது. சென்னா என்ற பெயரில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகும் அதே பேதி இலைதான் இது. பேதி மருந்து வேலை செய்யும் இடம் பெருங்குடல். உணவின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆகவே வெளியேறுவது பெரும்பாலும் நீரும் உப்பும். நாள்கணக்கில் தொடர்ந்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம்.

அப்படியானால் உண்மையான கொழுப்பு எந்த வழியே வெளியேறுகிறது? 2014-ல் இயற்பியல் படித்த ரூபன் மீர்மன் என்பவரும் ஆண்ட்ரூ பிரவுன் என்ற உயிர்வேதியியலாளரும் ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வியை எழுப்பினர். மருத்துவர்களிடம் கேட்டபோது பலரும் 'வெப்பமாகிவிடுகிறது' என்றார்களாம். பொருண்மை அப்படி மறைந்துவிடாது. பத்துக் கிலோ கொழுப்பு ஆக்சிஜனுடன் சேர்ந்து எரியும்போது அதில் 8.4 கிலோ கார்பன்-டை-ஆக்சைடாக மூச்சில் வெளியேறுகிறது, 1.6 கிலோ நீராகிறது. அதாவது நம்மை இளைக்க வைக்கும் முதன்மையான கழிவு உறுப்பு நுரையீரல்! வேகமாக மூச்சு விட்டால் இளைத்துவிடலாமா என்று குறும்பு மாணவர் கேட்பர். முடியாது. முதலில் கார்பன்-டை-ஆக்சைடு உடலுக்குள் உண்டாக வேண்டும். அதற்கு உழைப்போ பற்றாக்குறையோ வேண்டும்.

குடம்புளியின் பயணம்

இயற்கைப் பொருட்களில் உலகச் சந்தையை மிகவும் கலக்கியது நம் பக்கத்துச் சரக்கே. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் குடம்புளியைக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் மீன் குழம்புக்குப் போடுவர். இலங்கைத் தமிழர் அதன் உறவை கொறுக்காய்ப் புளி என்பர். அதன் புளிப்புக்குக் காரணம் என்ன என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஒய். எஸ். லூயிஸ், எஸ். நீலகண்டன் ஆகியோர் ஆராய்ந்து, 1965-ல் வெளியிட்டனர். அது எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தின் நெருங்கிய உறவான ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம்.

1969-ல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் லோவன்ஸ்டைன் குழுவினர் இந்த அமிலத்தின் ஒரு விந்தையான செயலைக் கண்டனர். நாம் உண்ணும் மாவுப்பொருள் மிஞ்சும்போது, உடல் அதைச் சிட்ரேட் வழியாகக் கொழுப்பின் மூலப்பொருளாக மாற்றும். அந்த இடத்தில் ஒரு நொதி பணிபுரிகிறது. குடம்புளி அமிலம், பார்வைக்குச் சிட்ரிக் அமிலம் போலவே இருப்பதால், அந்த நொதிக்குள் நுழைந்து, திரும்பாத கள்ளச் சாவி போலப் பூட்டில் மாட்டிக்கொள்கிறது. குளுக்கோஸ் மிகுந்த தீனி கொடுத்த எலிகளில் கொழுப்பு உற்பத்தி குறைந்தது. தீனி உண்பதும் குறைந்தது.

அழகான அறிவியல்தான். இதிலிருந்து மாத்திரைக் குப்பிக்கு ஒரே தாவலாகத் தாவினர் வணிகர். இடையில் ஒரு பள்ளம் இருந்தது. எலி, மாவுப்பொருளிலிருந்து தாராளமாகக் கொழுப்பைத் தயாரிக்கும். மனித உடலோ பெரும்பாலும் மாவுப்பொருளை எரித்துத் தீர்த்துவிட்டு, உணவிலுள்ள எண்ணெயையும் நெய்யையும் நேராக எடுத்து அடுக்கி வைத்துக்கொள்ளும். அவ்வளவாக நடமாட்டமில்லாத கதவுக்கு அமிலம் பூட்டுப் போட்டால் என்ன பயன்?

இது வாதம் மட்டுமே. வாதம் எவ்வளவு நயமாக இருந்தாலும் சோதனைக்கு ஈடாகாது. சோதனை எப்படிச் செய்வது? நூறு பேருக்கு மாத்திரை கொடுத்து மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால் போதுமே என்று தோன்றும். போதாது. மாத்திரைக்குப் பணம் கொடுத்தவர் வடையைக் கொஞ்சம் தள்ளி வைப்பார். ஏரிக்கரையில் நாலு நாள் நடப்பார். மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளே 'எண்ணெய்ப் பண்டம் தவிர்க்கவும், நாள்தோறும் நடக்கவும்' என்று சொல்லும். அதைச் செய்தால் மாத்திரை இல்லாமலே எடை குறையும். எனவே மாத்திரை உண்ணாத, மற்றெல்லாவற்றிலும் ஒத்த, இன்னொரு கூட்டம் வேண்டும். யாரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? இங்கேதான் நம் ஊர்க் குடம் வருகிறது.

குடத்திலிட்ட ஓலை

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளியில் எல்லாரும் படிக்கிறோம். அதன் நுட்பத்தை நின்று கவனிப்பவர் குறைவு. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உருவம் தெரியாமல் கலக்கினர். வேறுபாடு அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஓலையை எடுக்கச் செய்தனர். அதை வாங்கும் நடுவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மறைத்து வைத்த வேறோர் ஓலையை மாற்றிவிடக் கூடாதல்லவா! பிறகு அதைப் படிக்க வேண்டும். மற்றவர்களும் படிக்க வேண்டும்.

அவர்கள் மருந்துச் சோதனை நடத்தினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மனித விருப்பு வெறுப்பு உள்ளே நுழையும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தார்கள் என்கிறேன். மருத்துவ உலகம் இதே அடைப்புகளுக்கு மிகவும் பிந்தியே வந்தது. 1948-ல் வெளியான, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில், யாருக்கு மருந்து என்பதைக் குலுக்கல் எண்களால் முடிவு செய்து, மூடிய உறைகளில் வைத்தார் பிரிட்டனைச் சேர்ந்த பிராட்போர்டு ஹில். உறை என்பது ஓலை; பெட்டி என்பது குடம். பின்னாளில் இன்னோர் அடைப்பும் சேர்ந்தது: உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது, எது மருந்து, எது வெறும் மாவு என்பது. ஓலை எடுத்த சிறுவனின் அறியாமையை இருவருக்கும் அளித்துவிட்டனர்.

குடம்புளிக்கு இத்தகைய சோதனை நியூயார்க்கில் நடந்து 1998-ல் வெளியாயிற்று. பங்கு கொண்டவர் 135 பேர். அனைவருக்கும் நார்ச்சத்து மிகுந்த, அளவு குறைந்த உணவு. ஒரு கூட்டத்துக்கு நாள்தோறும் 1,500 மில்லிகிராம் குடம்புளி அமிலம். மற்றொன்றுக்குப் போலி மாத்திரை. 12 வாரம் சென்றபின் அமிலம் உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தனர். போலி மாத்திரை உண்டவர்களோ 4.1 கிலோ குறைந்திருந்தனர்!

போலிதான் சிறந்தது என்று முடிவு கட்டிவிட வேண்டா. பத்து முறை நாணயம் சுண்டினால் ஆறு தலை, நான்கு பூ விழுவது போன்ற தற்செயல் வேறுபாடே இது. ஆனால் இரண்டாவது கூட்டம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'மூன்று மாதத்தில் மூன்று கிலோ! அமெரிக்க ஆய்வில் நிரூபணம்!' என்று பெட்டியில் அச்சாகியிருக்கும். அச்சானது மெய்யாகவும் இருந்திருக்கும். பின்னர் 2011-ல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி வேறுபாடு ஒரு கிலோவுக்கும் குறைவாகவே, 0.88 கிலோவாக, இருந்தது. கண்டிப்பாக நடத்தப்பட்ட சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுவும் நம்பத்தக்கதாக இல்லை.

அடுப்படிச் சரக்குகள்

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பது பழமொழி. குதிரைக்கு ஓடுவதற்குத் தெம்பளிக்கும் தீனி, மனிதனை மட்டும் எப்படி இளைக்க வைக்கும் என்று எனக்கு நெடுநாள் வியப்பு. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. ஆற்றலோ 320 கிலோ கலோரிக்கு மேல். அரிசிக்கு இது அதிகம் குறைந்ததன்று. எனவே மூன்று வேளைச் சோற்றையும் குறைக்காமல் மேலே கொள்ளுக் கஞ்சி குடித்தால் எடை ஏறத்தான் செய்யும். புரதமும் நாரும் மிகுந்திருப்பதால் கொள்ளு வயிற்றில் நின்று பசியைத் தாமதப்படுத்தும். அதனால் சோற்றின் ஒரு பகுதியை அது இடம் பெயர்த்தால் பயன் உண்டு. பழமொழி பொய்யன்று, கணக்கை மட்டும் அது சொல்லாமல் விட்டுவிட்டது.

வெந்தயமும் இசப்கோலும் நீரை உறிஞ்சிக் கூழாகும் நார்கள். ஒரு கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்தால் காலையில் அதன் பருமனைப் பாருங்கள். அந்தக் கூழ் இரைப்பையை மெதுவாகவே விட்டு நகர்வதால் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது. இவற்றைப் போதிய தண்ணீருடன்தான் உண்ண வேண்டும். உலர்ந்த இசப்கோல் தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளக் கூடும். அதே கூழ் மாத்திரைகளையும் சிக்க வைக்கும். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி விட வேண்டும்.

தேனும் வெந்நீரும்? எண்ணெய்ப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினால் பிசுக்கு நீங்குகிறது. அதைக் கண்டு எழுந்த நம்பிக்கை இது. உடற்கொழுப்பு குடலில் பிசுக்காக ஒட்டியிருக்கவில்லை, உயிரணுக்களுக்குள் இருக்கிறது. 60 டிகிரி வெந்நீர் அரை லிட்டர் குடித்தால் அது உடல் வெப்பத்துக்கு ஆறும்போது சுமார் 11 கிலோ கலோரி வெப்பத்தை நமக்குத் தந்துவிட்டுப் போகும். ஒரு மேசைக்கரண்டித் தேன் இன்னும் 60 தரும். சர்க்கரை போட்ட தேநீருக்குப் பதிலாக வெறும் வெந்நீர் என்றால் ஆதாயம். கூடுதலாக என்றால் நட்டம்.

இயற்கை என்ற சான்றிதழ்

எட்டிக்காயும் இயற்கைதான். ஒரு பொருளின் பிறப்பிடம் அதன் பாதுகாப்புக்குச் சான்றாகாது, அளவே சான்று. குழம்பில் இரண்டு சுளை குடம்புளி வேறு. அதன் அமிலத்தைப் பிழிந்து செறிவாக்கி நாள்தோறும் விழுங்குவது வேறு. செறிவூட்டிய குடம்புளி மாத்திரை உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பழுதடைந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது. பச்சைத் தேயிலையும் அப்படியே. கோப்பையில் கொதிக்கவைத்துக் குடிப்பதில் பெருந்தீங்கில்லை. அதன் சாரத்திலுள்ள ஈஜிசிஜி (EGCG) என்ற பொருளை மாத்திரையாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ உண்பது கல்லீரலைத் தாக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

இதைவிடக் கொடிது ஒளித்து வைத்த மருந்து. சிபுட்ரமின் என்ற பசியடக்கும் இரசாயன மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவதாகத் தெரிந்ததால் அமெரிக்காவில் 2010-லும் இந்தியாவில் 2011-லும் விலக்கப்பட்டது. அது 'இயற்கை' மாத்திரைகளுக்குள் புகுந்துகொண்டது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க அரசு 776 துணை உணவுப் பொருட்களில் பெயர் குறிப்பிடாத மருந்துகள் இருப்பதைக் கண்டுபிடித்தது. அவற்றில் பத்தில் நான்கு எடை குறைப்பதற்கானவை. அந்த நான்கில் பெரும்பாலானவற்றில் இருந்தது சிபுட்ரமின். எனவே ஓர் இயற்கைப் பொடி வியக்கத்தக்க வேகத்தில் பசியை அடக்கினால், மகிழ்வதற்கு முன் ஐயுறுவதே அறிவுடைமை.

பெட்டியின் மீது 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருந்தால் அது தயாரிப்பவருக்குக் கிடைத்த உரிமமே. எடை குறையும் என்பதற்குச் சான்றன்று. அதே பெட்டியில் சிறிய எழுத்தில் 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மருந்தாகப் பயன்படுத்தத் தக்கதன்று என்பது அதன் பொருள். துணை உணவுகளில் அப்படி அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இன்னொரு சட்டமும் உண்டு. 1954 ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் ஆட்சேப விளம்பரச் சட்டம், எந்தெந்த நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் உடல் பருமனும் ஒன்று. தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டிய தாளை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் எதிர்பார்த்திருந்தது.

ஆகவே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர் விற்பவரிடம் கேட்க வேண்டியது 'இயற்கையா?' என்பதன்று. இதில் என்னென்ன, எத்தனை கிராம் உள்ளன? குலுக்கல் முறையில் இரு கூட்டமாகப் பிரித்துச் சோதித்தார்களா? மற்றக் கூட்டத்துக்கு எவ்வளவு குறைந்தது? மூன்றாவது கேள்விக்கு விடையில்லை என்றால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பணத்துக்குக் கீரையும் சுண்டலுக்குக் கடலையும் வாங்கலாம். கணக்கில் அவை இடம்பெறும்.

சர்க்கரை நோயாளருக்கு ஒரு தனிச் சொல்

இத்தனையும் எழுதத் தூண்டியது ஒரு நிகழ்ச்சி. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பல்லாண்டுச் சர்க்கரை நோய் உள்ள ஓர் அம்மையார், "மாத்திரையெல்லாம் இரசாயனம், இது மூலிகை" என்று யாரோ சொல்லக் கேட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறினார். இரண்டே மாதத்தில் நன்றாக இளைத்தார். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அக்கம்பக்கத்தாரும் அதே பொடியை வாங்கினர். காலில் ஆறாத புண்ணோடு மருத்துவமனைக்குச் சென்றபோதுதான் சர்க்கரை எங்கோ ஏறிப் போயிருந்தது தெரிந்தது.

இளைத்தது ஏன் என்று ஆற்றல் கணக்குப் பார்த்தால் புரியும். இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த இயலாது; சிறுநீரில் வழிந்துவிடும். நாளொன்றுக்கு 100 கிராம் போனால் 400 கிலோ கலோரி போயிற்று. உடல் உண்ட உணவைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பையும் தசையையும் கரைக்கிறது. பொடி இளைக்க வைக்கவில்லை. கட்டுக்கடங்காத நோய் இளைக்க வைத்தது. தராசு இவ்விரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும்.

எனவே சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, தைராய்டு ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் எந்தப் பொடிக்காகவும் மாத்திரையை நிறுத்தலாகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகள் சிற்றூர்களில் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கப்பட்டன. விலையில்லாமல் கிடைப்பதாலேயே அவற்றை மதிப்புக் குறைவாக எண்ணுவோர் உண்டு. கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் இளைக்கும் சரக்கு எதையும் தொடாதிருப்பது நலம்.

ஏற்கெனவே ஏதேனும் ஒன்றை உண்டு வருகிறவர்களுக்குச் சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, கண் வெள்ளை மஞ்சளித்தாலோ, காரணமின்றிக் குமட்டலும் அசதியும் இருந்தாலோ, அன்றே அதை நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனையில் கல்லீரல் சோதனை செய்துகொள்ள வேண்டும். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். "நாட்டு மருந்துதானே" என்று சொல்லாமல் விட்டுவிடுவோர் பலர். காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு முதலில் வேண்டியது அந்த டப்பாதான்.